துண்டுக்கடியில் விலைபோன கார்

எங்கள் பெரியப்பா மகள் பதினோரு வயதிலேயே கார் ஓட்டினாள் என்று திருப்பூரில் பாதிப் பேர் நம்பினார்கள். பாண்டிச்சேரியில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன காரைப் பெரியப்பா வாங்கி வந்திருந்தார். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, மூக்கு நீண்ட பச்சைக் கார். ஸ்டியரிங் இடது பக்கம். பெரியப்பா அங்கே உட்கார்ந்து ஓட்ட, நம் ஊரில் டிரைவர் உட்காரும் வலப்பக்கத்தில் அக்கா உட்கார்ந்து வருவாள். போதாக்குறைக்கு, கடைவீதி வந்ததும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்துக்கொள்வாள்.

பின்சீட்டில் அவளுடைய பள்ளிக்கூடப் பைதான் உட்கார முடியும். எனக்கு இடமில்லை. அதே பள்ளிக்கூடத்துக்கு நான் அப்பாவின் மொபெட்டில், அந்தக் கார் விட்ட புகையை விழுங்கிக்கொண்டு போனேன். அப்பா பெரியப்பாவின் பனியன் கம்பெனியில் கட்டிங் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி என்று அம்மா எப்போதாவது சொல்வாள். அப்பா பேச்சை மாற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவித் துடைப்பதும் அப்பாதான். "சின்னவன் கை பட்டாத்தான் இது மின்னுது" என்று பெரியப்பா எல்லோர் முன்னாலும் மெச்சுவார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் காம்பஸ் முனையால் வலப்பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அப்பாவின் துணி அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கார் கிழடு தட்டியது. கிளட்ச் போனால் சாமான் கோயம்புத்தூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. கம்பெனி ஆட்கள் தள்ளித் தள்ளி ஓய்ந்தார்கள். பெரியப்பா புதுக் காருக்குப் பதிந்துவிட்டு, இதை விற்கக் கிளம்பினார். என்ன விலை சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இதே மாதிரி இன்னொரு கார் எங்காவது விலைபோயிருந்தால்தானே ஒப்பிட முடியும்? பழைய கார் வியாபாரிகள் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் காங்கேயத்திலிருந்து ஒரு தேங்காயெண்ணெய் மில்காரர் வந்தார். எதை வாங்குவதானாலும் தன் மாட்டுத் தரகரைக் கூட்டி வருவது அவர் வழக்கம். தரகர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். முதுகில் தட்டினார். பல் பார்ப்பது போல் பானெட்டைத் திறந்து பார்த்தார். வலப்பக்கக் கதவில் அவர் கை வைத்ததும் நான் அப்பாவின் முதுகுப் பக்கம் ஒதுங்கினேன்.

"இதென்னங்க கோடு?" என்றார். பிறகு அவரே சிரித்தார். "உடுங்க. மாட்டு மேல முள்ளுக் கீறுனா வெலை எறங்குமாங்க?"

விலையை வாய்விட்டுச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. தோள் துண்டை எடுத்து விரித்தார். பெரியப்பா விழித்தார். அவர் மாட்டுச் சந்தைப் பக்கமே போனதில்லை. வீட்டு மாடுகளை ஓட்டிப்போய் விற்றதெல்லாம் அப்பாதான். "நீயே கையக் குடுடா" என்றார். "பத்தாயிரக் கணக்குலயே பேசிக்கலாமுங்க" என்று தரகர் சொல்ல, இருவர் கைகளும் துண்டுக்குள் போயின.

நான் பயத்தில் அப்பாவின் வேட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். என் உயரத்துக்குத் துண்டின் அடிப்பக்கம் தெரிந்தது. தரகர் அப்பாவின் நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். அப்பா சற்று நேரம் அசையவில்லை. பிறகு சுண்டுவிரலை மெல்ல உருவிக்கொண்டார். தரகர் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மில்காரரிடம் போனார்.

"முப்பதுக்கு முடிஞ்சுதுங்ணா" என்றார் அப்பா.

"நாப்பதாச்சும் வருமுன்னு இருந்தனே" என்றார் பெரியப்பா.

"கதவுல கீறல் கெடக்குதில்லீங்ணா, அதைச் சொல்லியே கொறைச்சுட்டாங்க."

அக்கா வலப்பக்க இருக்கையை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள். எனக்கு அது குளுகுளுவென்று இருந்தது, கூடவே திகிலும். வாயால் ஒன்றைச் சொன்ன தரகர் துண்டுக்குள் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மொபெட்டில் பாடிக்கொண்டே வந்தார். வழியில் நிறுத்தி, நான் கேட்காமலே ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். கீறலை யார் போட்டது என்று கடைசிவரை கேட்கவே இல்லை. பெரியப்பாவின் பத்தாயிரம் ரூபாயை ஒரு காம்பஸால் கரைத்தவள் என்ற நினைப்பு பல வருடம் என்னைத் தின்றது. அவர் முகத்தை நேராகப் பார்க்க மாட்டேன்.

கல்யாணமாகிக் குன்னத்தூர்ப் பக்கம் போன பிறகு, எங்கள் எருமையை விற்க ஒரு தரகர் துண்டு விரித்தார். அவர் போனதும், பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் விலை என்று என் கணவர் விளக்கினார். விற்கிறவர் தன் விரலில் ஒன்றை உருவிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"விக்கறவன் எதுக்கு உருவறான்?" என்று சிரித்தார் அவர். "வேணுமுன்னா இன்னொரு வெரலச் சேத்துக் குடுப்பான்."

அந்தக் காரைப் பார்த்து வயிறெரிந்தது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.