கொழும்புக் காரின் நிறம்

சாயப்பட்டறைத் துளசிராம் பெண் பார்க்கப் போனது பற்றி அவருடைய மனைவி சீதாலட்சுமி முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, இவரைக் கூப்பிட்டு, "பொண்ணு பிடிச்சிருக்காப்பா?" என்று கேட்டார்களாம். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இடது பக்கத்துக் கரையில சாயம் சரியா ஏறல" என்றாராம். "என்னயப் பாக்க வந்தவரு சேலையப் பாத்துட்டுப் போனாரு" என்று சீதாலட்சுமி இப்போதும் சொல்வார். துளசிராம் மறுப்பதில்லை. கரையில் சாயம் ஏறவில்லை என்பது உண்மை.

அவருக்கு யாரும் இருத்திவைத்துத் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பனார் சீக்கிரம் போய்விட்டார். மிஞ்சியது நாலு தொட்டியும் இரும்புச் சட்டியும்தான். துண்டுத் துணிகளை முக்கி, காயவைத்து, கெடுத்து, மறுபடி முக்கித் தானாகவே கற்றுக்கொண்டார். சரியாக வந்த துணிகளில் உள்ளங்கை அளவு வெட்டி, ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். அதில் எழுபத்துமூன்று துண்டுகள். நிறத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பார். அதுவும் காலை வெயிலில். விளக்கு வெளிச்சத்தில் நிறம் சொல்கிறவனை அவர் மனுஷனாகவே மதித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அவருடைய சிநேகிதர் சேக் மைதீன் கொழும்புக் கடையை மூடிவிட்டு மதுரைக்கே திரும்பி வந்தார். இருபத்திரண்டு வருஷம் அங்கே ஜவுளிக் கடை. வரும்போது கட்டில், பீரோ எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஒரே ஒரு சாமானைக் கொண்டுவந்தார். அது ஒரு கார். கொழும்பிலிருந்து தோணியில் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே வந்து, தூத்துக்குடியில் இறங்கி, தீர்வை கட்டி, அவரே ஓட்டிக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தது. அவர் குடியிருந்த காஜிமார் தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. இருபத்திரண்டு வருஷத்தில் என்ன சம்பாதித்தாய் என்று யாராவது கேட்டால், மைதீன் அந்தக் காரைத்தான் கைகாட்ட வேண்டும். வேறு எதுவும் இல்லை.

ஆனால் காருக்குக் கொழும்பு எண்தான் இருந்தது. தூத்துக்குடியில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். பதினைந்து நாள் ஓட்டலாம், அதற்குள் மதுரையில் பதிந்து இந்த ஊர் எண் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் வண்டி போலீஸ் கொட்டகைக்குப் போய்விடும். அந்தக் கொட்டகையை மைதீன் எட்டிப் பார்த்திருந்தார். ஏற்கெனவே அங்கே ஒரு கார் நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

பதிமூன்றாம் நாள், வியாழக்கிழமை, மைதீன் சாயப்பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு ஓட்டமாக உள்ளே வந்தார்.

"மாப்ள, கையக் கழுவு. ஒரு கையெழுத்துப் போடணும்."

"தொட்டி கொதிக்குது. என்ன விஷயம்?"

விஷயம் இதுதான். மைதீன் கொண்டுவந்த கொழும்புக் காகிதத்தில் காரின் நிறம் என்ற இடத்தில் 'பிரவுன்' என்று எழுதியிருந்தது. வண்டிப் பதிவு நடக்கிற போலீஸ் ஆபீசில் ரைட்டர் நல்லகாமன் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "இது சிவப்பு பாய். காயிதத்துல இருக்கறது வேற வண்டி" என்று சொல்லிவிட்டார். மைதீன் கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கிவந்து, நிறம் தெரிந்த கௌரவமான ஆள் ஒருவரிடம் எழுதி வாங்கிவந்தால் காகிதத்தை மேலே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

"நிறம் தெரிஞ்ச ஆளு இந்த மதுரையில ஒன்னயத் தவிர யாரு இருக்கா? 'இது பிரவுன்'னு ஒரு வரி எழுதிக் குடு. போதும்."

துளசிராம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். காரை ஒருமுறை சுற்றினார். விரலை எச்சில் தொட்டு, சக்கரத்துக்கு மேலே தூசி படிந்த இடத்தில் தேய்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே போய் மூட்டையை எடுத்துவந்து அவிழ்த்தார்.

"மாப்ள, ஒரு வரிதான கேட்டேன்" என்றார் மைதீன்.

"இரு."

ஒரு துண்டை எடுத்து வைத்தார், எடுத்துவிட்டார். இன்னொன்று, அதையும் எடுத்துவிட்டார். மூன்றாவதை வைத்தபோது அவர் முகம் தெளிந்தது.

"இது பிரவுன் இல்ல."

"சரி, சிவப்புன்னே எழுதித் தொலை. கொழும்புக்காரன் தப்பா எழுதிட்டான்னு சொல்லிக்கிறேன்."

"சிவப்பும் இல்ல. இது அரக்கு."

மைதீன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ரெண்டுல ஒண்ணச் சொல்லு மாப்ள! சனிக்கிழமையோட சீட்டு முடியுது. என் காருல கோழி முட்ட போடணுமா?"

"நான் கையெழுத்துப் போட்டா அது சரியா இருக்கணுமா வேணாமா?"

உள்ளேயிருந்து சீதாலட்சுமியின் குரல் வந்தது. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம்தான் என்றாலும், மைதீனுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "அண்ணே, அவருகிட்ட மல்லுக்கட்டாதீக. என் கல்யாணமே அந்தக் கரைச் சாயத்தால ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு."

கடைசியில் துளசிராம் தமது அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'சேக் மைதீன் அவர்களுடைய கொழும்பு மோட்டார் வண்டி அரக்கு என்று சாட்சி சொல்கிறேன்.' நிறம் என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. அரக்கு என்றால் நிறம்தானே. அதை வேறு எழுதினால் மை வீண் என்று நினைத்தார்.

ரைட்டர் நல்லகாமனுக்கும் இதில் குறை தெரியவில்லை. அவர் வீட்டில் அரக்கு நிறச் சேலைகள் ஏராளம். ஆனால் மேலே இருக்கும் வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். அரக்கு என்பதற்கு இங்கிலீஷில் என்ன? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துப் பார்த்தார். பிறகு ஊர்ப் பெயரை எழுதுவதுபோல அதன் ஓசையையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்பிவிட்டார்.

இங்கிலீஷ்காரர்கள் சாராயத்தை 'அராக்' என்பார்கள். அதிலும் கொழும்பு அராக் என்றால் கப்பல் ஏறி எங்கெங்கோ போகிற சரக்கு. துரை அந்தக் காகிதத்தைப் படித்தார். கொழும்பிலிருந்து வந்த ஒரு மோட்டார். அதில் அராக் இருக்கிறது என்று கௌரவமான ஆள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிவப்புப் பென்சிலை எடுத்து, உடனே வண்டியைச் சோதனை போடச் சொல்லி எழுதிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மைதீன் ஜும்ஆ தொழுகை முடித்துப் பள்ளிவாசல் படியில் இறங்கும்போது தெருவில் கூட்டமாக இருந்தது. காரின் நாலு கதவும் திறந்துகிடந்தன. கான்ஸ்டபிள் கருத்தக்கண்ணன் பின் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீக என் வண்டிய?"

"கோவிச்சுக்காதீக பாய். சாராயம் தேடுறோம்."

தொழுதுவிட்டு வந்த அத்தனை பேரும் மைதீனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சம்பந்தி ஜலீல் பரவையிலிருந்து அன்று பார்த்துத்தான் தொழுகைக்கு வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"சாராயமா? அஸ்தஃபிருல்லா! எவன்யா சொன்னது?"

"நீங்க குடுத்த காயிதம்தான் சொல்லுது. வண்டியில அராக் இருக்குன்னு உங்க சாயப்பட்டறைக்காரரு கையெழுத்தே போட்டிருக்காராம்ல."

இதற்குள் சீட்டுக்கு அடியில் ஒரு புட்டி அகப்பட்டுவிட்டது. பழுப்பு நிறத் தண்ணீர். மைதீன் வாயைத் திறப்பதற்குள், கடமையில் குறை வைக்காத கருத்தக்கண்ணன் மூடியைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டார். அவர் கண்ணிரண்டும் மூடிக்கொண்டன. முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று.

"அது தென்னங்காடிய்யா" என்றார் மைதீன். "ஊறுகா போட எம்மக சைனப் கேட்டான்னு கொண்டாந்தேன்."

வெறும் காடி, வினிகர்தான் என்பதால் வழக்கு இல்லாமல் போயிற்று. ஆனால் பதிவும் இல்லாமல் போயிற்று. சாட்சி எழுதிய ஆளையே கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வரும்படி சொல்லிவிட்டார்கள். அன்று ஆபீஸ் ஒரு மணி வரைதான். சீட்டும் அன்றோடு முடிகிறது.

மைதீன் நேராகச் சாயப்பட்டறைக்கு வந்தார். ஆரம்பித்த பேச்சு நிற்கவில்லை. "பள்ளிவாசல் வாசல்ல வச்சு என் வண்டியில சாராயம் தேடுறாய்ங்க! சம்பந்தி பாத்துட்டு நிக்கிறாரு! ஒனக்கு நான் என்னய்யா துரோகம் பண்ணினேன்? பிரவுன்! ஒரே சொல்லு! அத எழுதுனா ஒன் கை ஒடிஞ்சா போகும்?"

துளசிராம் தலையைக் குனிந்துகொண்டார்.  சிநேகிதன் பட்ட அவமானம் அவரை அரித்தது. நாளைக்குப் பிரவுன் என்றே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துத்தான் படுத்தார். காலையில் காரில் ஏறியபோதும் அந்தத் தீர்மானம் இருந்தது. ஆனால் கக்கத்தில் மூட்டையும் இருந்தது.

துரை பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் பதிவுப் புத்தகம் திறந்திருந்தது. பக்கத்தில் ரைட்டர் நல்லகாமன் வேர்த்துக்கொண்டு நின்றார். துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"அராக்னா என்னன்னு தொரை கேக்குறாரு. நிறம்னு நான் சொல்லிட்டேன். இப்ப நீ வண்டி பிரவுனா செவப்பான்னு சொல்லு. நான் எழுதிர்றேன்" என்றார் ரைட்டர்.

மைதீன் பின்னாலிருந்து துளசிராமின் வேட்டியைப் பிடித்து இழுத்தார். துளசிராம் வாயைத் திறந்தார். பிரவுன் என்றுதான் சொல்ல வந்தார். சன்னலுக்கு வெளியே, காலை வெயிலில், கார் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, தொரைய ஒரு நிமிஷம் வெளிய வரச்சொல்லுங்க" என்றார்.

"யோவ்!" என்றார் ரைட்டர். "மாப்ள!" என்றார் மைதீன்.

துரைக்கு என்ன தோன்றியதோ, எழுந்து வந்தார். துளசிராம் மூட்டையை அவிழ்த்து, முதலில் ஒரு பாக்கு நிறத் துண்டைக் கார் மேல் வைத்தார். இது பிரவுன் என்றார். தகரத்தின் மேல் துணி தனியாகத் தெரிந்தது. அடுத்து மிளகாய்ப் பழத் துண்டு, இது சிவப்பு. அது இன்னும் தனியாகத் தெரிந்தது. பிறகு அரக்குத் துண்டை எடுத்து, நீவி வைத்துவிட்டு, கையை எடுத்தார்.

துணியைக் காணவில்லை. துரை குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். விரலால் தடவி, ஓரம் தட்டுப்பட்ட பிறகுதான் துணி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

"அந்த அரக்குங்கற சொல்லு மறுபடி என் புத்தகத்துல ஏறக்கூடாதுங்கறாரு. பிரவுன்னு எழுதினா இந்த ஆளு சாட்சி சொல்லமாட்டான், செவப்புன்னு எழுதினாக் கொழும்புக் காயிதம் ஒத்துக்காது. அந்தக் கட்டத்தக் காலியா விடவும் விதியில்லையாம். திங்கக்கிழம வரச்சொல்றாரு" என்று மொழிபெயர்த்தார் ரைட்டர்.

திங்கட்கிழமை என்றால் கொட்டகை. மைதீன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

துளசிராம் அவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "ஐயா, சொல்லு எதுக்கு? கட்டத்துல இதையே வச்சிருங்க" என்றார்.

ரைட்டர் இதை மொழிபெயர்க்கத் தயங்கினார். துரைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துணியையும் கட்டத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கையை அசைத்தார். மணி பன்னிரண்டே கால்.

ரைட்டர் கோந்துப் புட்டியை எடுத்தார்.

"ஐயா, கோந்து வேணாம். நிறத்தத் தின்னுடும். ஆறு மாசத்துல கறுத்துப்போகும்."

"மாப்ள, கறுத்தாக் கறுக்கட்டும்டா!"

"தைக்கணும்" என்றார் துளசிராம்.

கருத்தக்கண்ணன் ஓடிப்போய்க் காகிதக் கட்டுத் தைக்கிற ஊசியும் நூலும் கொண்டுவந்தார். நூல் சிவப்பு. துளசிராம் அதை எச்சிலில் நனைத்துத் தேய்த்து, விரலில் ஒட்டிய சிவப்பை எல்லாருக்கும் காட்டினார். "சாயம் ஓடுது." மைதீன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஓத ஆரம்பித்தார். துளசிராம் தமது மேல்துண்டின் ஓரத்திலிருந்து வெள்ளை இழை ஒன்றை உருவினார், ஊசியில் கோத்தார், துணியைக் கட்டத்தின் அளவுக்கு மடித்து வெட்டி, நாலு மூலைக்கும் நாலு தையல் போட்டார். அவசரப்படவில்லை. துரை கடிகாரத்தை மேஜை மேல் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். கடைசி முடிச்சைப் போட்டு இழையைப் பல்லால் கடித்தபோது ஒரு மணிக்கு நாலு நிமிஷம் இருந்தது. துரை கையெழுத்துப் போட்டார். ரைட்டர் முத்திரை குத்தினார்.

வெளியே வந்து மைதீன் புதுப் பதிவுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துளசிராமைத் திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுய்யா. வீட்ல நெய்ச்சோறு ஆறுது."

இரண்டு மாதம் கழித்து ரைட்டர் நல்லகாமன் சாயப்பட்டறைக்கு நேராகவே வந்துவிட்டார். துணி தைத்த இடத்தில் புத்தகம் புடைத்துக்கொண்டு மூடவே மாட்டேன் என்கிறதாம். யாருடைய வண்டிக்காகப் பிரித்தாலும் மைதீன் பக்கம்தான் திறக்கிறதாம். புதுத் துரை வந்தால் என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

துளசிராம் சாயம் கலக்குகிற கோலைத் தொட்டி மேல் குறுக்கே வைத்துவிட்டுக் கவலையோடு திரும்பினார்.

"அப்படித் திறந்து கெடக்கும்போது வெயில் படாமப் பாத்துக்கிறீகளா?"