நீலப் புள்ளி யாருடைய தண்ணீர்

வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நீலம் இன்னது, சிவப்பு இன்னது என்று அது சொல்லும். அலுவலகத்தில் அதை லெஜண்ட் என்போம். அந்தப் பெட்டியைக் கண்டால் எங்கள் பணிப்பாளருக்கு ஆகாது. படத்தின் வடிவு கெட்டுவிடுமாம். மனிதர் தன் வீட்டுச் சுவரில் மாட்டத்தான் வரைபடம் கேட்கிறார் என்று நான் கொஞ்சக் காலம் நம்பியிருந்தேன்.

நாங்கள் செய்தது தீவுப்பகுதிக் கிணறுகளில் உப்பு எவ்வளவு என்று அளக்கும் வேலை. புங்குடுதீவில், குறிகட்டுவான் போகிற வழியில் ஓர் ஒழுங்கை. அங்கே கிணறு இல்லாத வீட்டு வளவு இல்லை. வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறும் இல்லை. சாட்டி என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பவுசரில், அதுதான் தண்ணீர்த் தாங்கி லொறியில், நல்ல தண்ணீர் வரும். சனம் அதைப் பிடித்துக் குசினியில் மூடி வைத்துக் குடிக்கும். அந்தப் பவுசரைத் தொடர்ந்து அனுப்புவதா, நிறுத்துவதா என்பதை எங்கள் அளவீட்டைப் பார்த்துத்தான் மேலதிகாரிகள் முடிவு செய்ய இருந்தார்கள்.

முதலில் போன எங்கள் அலுவலக வீரர்கள் வாசல் படலையடியில் நின்றே போத்தலை நீட்டி, “கிணத்துத் தண்ணி கொஞ்சம் தாங்கோ” என்று கேட்டிருக்கிறார்கள். வெயில், பாவம். தண்ணீரும் வந்தது. முடிவைப் பார்த்தால், கடற்கரையிலிருந்து கூப்பிடுதூரத்தில் உள்ள கிணறுகளில் எல்லாம் அமுதம் ஊறுகிறது! பணிப்பாளர் பூரித்துப் போனார். நான் ஊர்காவற்றுறைக்காரி, பக்கத்துத் தீவு. இந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்துத்தான் என் தலைமுடி தும்பாய்ப் போனது. அந்த அமுதத்தை நான் நம்பவில்லை.

நானே போனேன். ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் இருந்த வீட்டு அக்கா சிரித்துக்கொண்டு போத்தலை வாங்கினார். முற்றத்துக் கிணற்றைத் தாண்டி நேரே குசினிக்குள் போனார். நிரப்பிக்கொண்டு வந்தார்.

“அக்கா, கிணறு அங்காலையெல்லோ?”

“ஓம். அது உப்புச் சவர். வீடு தேடி வந்த ஆளுக்குச் சவர்த் தண்ணியே குடுக்கிறது?”

ஒழுங்கை முழுக்க இதே கதைதான். ஆய்வுக்குக் கேட்டாலும் வந்தவள் விருந்தாளி. விருந்தாளிக்கு நல்ல தண்ணீர். ஆக, நாங்கள் இவ்வளவு காலமும் பவுசரைத்தான் ஆராய்ச்சி செய்திருக்கிறோம். வாளியை நானே கிணறு கிணறாக இறக்கி, எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன்.

இனி வரைபடம். புள்ளி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு உப்பு. நான் பயன்படுத்தும் கணினி நிரல்மொழியின் பெயர் ஒரே ஓர் எழுத்து. பிழைச் செய்தி மட்டும் பாதித் திரைக்கு வரும். அதில் படத்தை அடுக்கடுக்காகப் போட வேண்டும். முதல் அடுக்கில் வீட்டார் தந்த தண்ணீர், நீலப் புள்ளி. அதன்மேல் கிணற்றில் அள்ளியது, சிவப்புப் புள்ளி. அதற்கும் மேல், இதைத் தாண்டினால் குடிக்க ஏலாது என்று ஒரு கோடு. நிறங்களை நேரே கொடுத்தேன். படம் வந்தது, பெட்டி வரவில்லை. நிறத்தை நீயாகத் தீர்மானித்தால் விளக்கம் சொல்வது என் வேலை இல்லை என்பது அந்த மொழியின் கொள்கை. எங்காவது ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியில்லாத படம் பணிப்பாளரின் கண்ணில் பட்டது.

“வடிவாக் கிடக்குது. அரைவாசிப் புள்ளி கோட்டுக்குக் கீழைதானே? தண்ணி பரவாயில்லை எண்டு எழுதி, பவுசரை நிப்பாட்டச் சொல்லலாம்.”

“சேர், கீழை கிடக்கிறதுதான் பவுசர்த் தண்ணி.”

“அப்பிடிப் படத்திலை ஒண்டும் இல்லையே.”

“அதுக்குத்தான் லெஜண்ட் போடவேணும் எண்டு சொல்லுறன்.”

“போட்டால் வடிவு போயிடும், பிள்ளை.”

பவுசர்த் தண்ணீரையே சாட்சிக்கு வைத்துப் பவுசரை நிறுத்தப் பார்க்கிறார். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு மேசையில் இருந்த கணினி தப்பியது பெரிய காரியம். திரும்ப உட்கார்ந்தேன். நிறத்தைத் தரவோடு பொருத்துகிற அடைப்புக்குறிக்குள் கொண்டுபோய் ‘நீலம்’ என்று எழுதினேன். பெட்டி வந்தது. புள்ளிகள் எல்லாம் சிவப்பாக இருந்தன. பெட்டியில் சிவப்புப் புள்ளிக்கு எதிரே ‘நீலம்’ என்று மரியாதையாக எழுதியிருந்தது. அந்த இடத்தில் நிறத்தை எழுதக் கூடாதாம். அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்று எழுத வேண்டும். எதற்கு எந்த நிறம் என்பதைக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும். எழுதினேன். ‘வீட்டார் தந்த தண்ணீர் – பவுசர்’ என்று ஒன்று. ‘அவர்களின் கிணறு’ என்று மற்றது. பணிப்பாளரிடம் கேட்காமலே, பவுசரைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டேன்.

தலைமை தாங்கிய அதிகாரி புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத்தான் வாசித்தார். வீட்டார் ஏன் பவுசர்த் தண்ணீரைத் தந்தார்கள் என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, பவுசர் ஓடட்டும் என்றார். வெளியே வந்ததும் எங்கள் பணிப்பாளர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “உந்தப் பெட்டி முக்கியம் எண்டு நான் துவக்கத்திலேயே சொன்னனான்.” நான் ஓம் என்று தலையாட்டினேன். சம்பளம் அவர் கையெழுத்தில்தான் வருகிறது.

பிறகு ஒருநாள் அதே ஒழுங்கைக்குப் போனேன். நல்ல செய்தியைக் கொண்டுபோகிறவளின் மிதப்பு எனக்கு. அக்கா கதிரையை இழுத்துப் போட்டார், ஆனால் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு வந்த ஊர்ச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

“பெரிய திரை கட்டி எங்கட கிணத்தைக் காட்டினீராம்.”

“பவுசர் நிக்காமல் இருக்கத்தான் அக்கா.”

“அது விளங்குது. நிப்பாட்டியிருந்தால் நாங்கள் என்ன செய்யிறது? நல்லது செய்தனீர்தான்.” முற்றத்துக் கிணற்றைப் பார்த்தார். “எண்டாலும், நான் உமக்கு எங்கட வீட்டிலை கிடந்த நல்லதை எல்லோ தந்தனான்.”

எனக்கு முகம் சுட்டது. அக்கா உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன். கிணற்று உப்பு நாக்கைப் பிடித்தது.

“இனி உமக்கு என்னத்தை மறைக்கிறது? குடியும்.”

குடித்து முடித்தேன்.