வெறும் மோர்

அறுபதுகளின் கடைசியில் நான் திருச்சுழியில் வாத்தியாராக இருந்தபோது அங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தார். ஒல்லியான மனிதர். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் விழுவதை ஒவ்வொன்றாக விசாரிப்பார்: "இதுல சீரகம் இருக்கா? புதினா அரைச்சீகளா?"

தலைவலி மாத்திரை அவருக்கு ஆகாது. உதடு வீங்கி மூச்சு இழுக்கும். அதே சத்து சீரகம், மஞ்சள், புதினாவிலும் இருப்பதாக மதுரை டாக்டர் சொன்னாராம். மூக்கில் சதை வளர்ந்து வாசனையும் தெரியாது என்பதால், அடுத்தவர் சொல்லை நம்பித்தான் அவர் சாப்பிட வேண்டும். ஊரில் யாரும் இதை நம்பவில்லை. அடுத்த சாதிக்காரர் வீட்டில் கை நனைக்கக் கூசும் சாதித் திமிரை மருந்துக் கதையால் மறைக்கிறார் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் மகள் காதுகுத்தில் அவர் சோறும் உப்பும் மோரும் மட்டும் கேட்டார்.

"மோர்ல ஒண்ணும் போடலயே சார்?"

"வெறும் மோர்தான்" என்றேன்.

சீரகத்தை அரைத்துக் கலக்கி வடிகட்டிய மோர் அது. அவர் வேஷத்தைக் கலைத்துவிடலாம் என்று நானே ஊற்றினேன். பந்தி முடிவதற்குள் அவருக்கு உதடு வீங்கிவிட்டது. மூச்சுக்குத் தவித்தவரை வில்வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். "இம்புட்டுக்கு ஆகும்னு நெனைக்கல, மன்னிச்சிருங்க" என்றேன்.

"சீரகம் போட்டதுல தப்பில்ல சார். போட்டிருக்கான்னு நான் கேட்டேன்ல?" என்றார்.

அடுத்த வருஷம் என் வீட்டு விசேஷத்துக்கு வந்தார். இலை முன் உட்கார்ந்தார். எதையும் கேட்கவில்லை, எதையும் தொடவில்லை. வயிறு நிறைந்தவரைப் போல இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார்.