அண்ணனுக்குச் சுட்ட ஸ்கோன்

அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். அம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு பீர்க்கன்கரணைக்கு வந்தேன். அண்ணன் பக்கத்திலேயே, பெருங்களத்தூரில் புது அபார்ட்மெண்டில் இருக்கிறான். "உனக்கென்ன, குடும்பமா குட்டியா, நீ வந்து பாத்துக்கோ" என்று போனில் சொன்னான். கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

அம்மா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் அங்கிருந்து மெயில் வந்தது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். அண்ணனிடம் நேரில் கேட்டுவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரச் சொன்னேன். அவனிடம் எதையும் வெறும் வயிற்றில் பேசக் கூடாது. காலையிலேயே, அங்கே டீயோடு சாப்பிடுகிற பன் மாதிரியான சோடா ஸ்கோன் சுட உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தேன் என்று இந்த வீட்டில் காட்ட என்னிடம் வேறெதுவும் இல்லை.

அங்கே கெட்டியான மோர் அட்டைப்பெட்டியில் கிடைக்கும். நம் வீட்டு நீர்மோர் சரிப்படாது. தயிரை வெளியே வைத்துப் புளிக்கவிட்டுக் கடைந்து வைத்திருந்தேன். மைதா, கோதுமை மாவு, உப்பு, ஆப்ப சோடா எல்லாம் சலித்து, வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, உலர்திராட்சை போட்டு, மோரை ஊற்றினேன். மோர் பட்டதும் சோடா பொங்க ஆரம்பித்துவிடும். அப்புறம் தாமதிக்கக் கூடாது. சும்மா சேர்த்துத் தட்டி, டம்ளர் விளிம்பால் வெட்டி ஓவனுக்குள் வைக்க வேண்டியதுதான்.

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னும் கொஞ்சம் பிசையேன்" என்றாள்.

"பிசைஞ்சா கல்லாயிடும்மா."

"அப்ப வேணாம். அவனுக்குப் பிடிக்காது."

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். சூடான ஸ்கோனைப் பிட்டு, வெண்ணெய் தடவி, இரண்டு சாப்பிட்டான். "நல்லாயிருக்கே. இதையே இங்க ஆர்டர் எடுத்துச் செய்யலாமே. எதுக்குத் திரும்பிப் போகணும்ங்கற?"

போவதைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாள் அம்மா உங்ககூட இருக்கட்டும். நான் போய் வேலையைத் தக்க வெச்சுக்கிட்டு, அப்புறம் ஒரு வழி பண்றேன்" என்றேன்.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டான். அண்ணிதான் பேசினாள். "எங்க வீட்டு டைல்ஸ் வழுக்கும். அத்தைக்குச் சரிப்படாது."

அம்மா விழுந்தது இந்த வீட்டில்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"நீயே சொல்லும்மா" என்றேன்.

"அவனைத் தொந்தரவு பண்ணாத. அவனுக்கு ஆயிரம் வேலை" என்றாள் அம்மா. தட்டை என் பக்கம் நகர்த்தி, "மிச்சத்தைப் பசங்களுக்குக் கட்டிக் குடு" என்றாள்.

எனக்கென்று ஒன்றுகூட எடுத்து வைக்காமல் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் ராஜினாமா அனுப்பினேன். மிகவும் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்கள்.

இப்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் ஊசி போடுகிறேன், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். போன மாதம் அண்ணி போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வர்றோம். அந்த பன் செஞ்சு வையேன், பசங்க கேக்கறாங்க."

"ஓவன் ரிப்பேர் அண்ணி" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா சத்தமாக, "நல்லாத்தானே இருக்கு" என்றாள். அண்ணிக்கும் கேட்டிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரம்மாவை அம்மாவுடன் உட்காரச் சொல்லிவிட்டு, ஓவனை ஆட்டோவில் ஏற்றிப் பல்லாவரம் சந்தைக்குக் கொண்டுபோனேன். பழைய சாமான் வாங்குகிறவர் கேட்டதற்கே கொடுத்துவிட்டு வந்தேன். சமையல் மேடையில் அது இருந்த இடம் காலியாகக் கிடப்பதை அம்மா பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் எத்தனை மணிக்கு வருவான் என்றுதான் கேட்டாள்.