ஈஸிங்க, ரொம்ப ஈஸிங்க

போன் அடிக்கிறது. மகுடேஸ்வரன் எடுப்பதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பவர்போல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது தானாக அடங்கியதும் அந்த எண்ணுக்குத் திருப்பி அழைத்து, “சொல்லுங்க கண்ணு, டெய்லருங்களா, செக்கிங்குங்களா?” என்கிறார். இன்னொரு பயனர் இணைந்துவிட்டார். தொழில்நுட்பம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது.

மண்ணரைப் பகுதியில் ஒரு பட்டன் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் நடக்கிறது அந்தக் கம்பெனி. ஆள் தேடும் பனியன் கம்பெனிகளையும் வேலை தேடும் தையல்காரர்களையும் சேர்த்துவைக்கும் வெப் ஆப் அவர்களுடையது. முதலாளி மாதவன், மதுரைப் பக்கத்து இளைஞர். மகுடேஸ்வரனின் பதவி ‘ஆன்போர்டிங் ஹெட்’. அவருக்குக் கீழே யாரும் கிடையாது. ஒரு நாற்காலி உண்டு.

வயது ஐம்பதை நெருங்குகிறது. முன்பு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி மூடிய பிறகு கிடைத்த வேலை இது. “இதுவும் போச்சுன்னா, மறுபடி இன்டர்வியூக்குப் போய் உக்கார முதுகு தாங்காதுங்க” என்பார்.

பதிவை எளிதாக்குவதுதான் அவர் பணி. எளிதாக்கினார். ஆப் முதலில் இமெயில் கேட்டது. பாதிப் பேரிடம் இல்லை, எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு குறியும் வேண்டுமென்றது. ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்கள், அதுவும் நீங்கியது. மிஞ்சியது ஓடிபி. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வங்கிகள் ஊருக்கே பாடம் நடத்தியிருந்தன. ஊர் நன்றாகப் படித்திருந்தது. கேட்ட ஆப்பிடமே சொல்ல மறுத்தது.

இப்போது ஒரு மிஸ்டு கால் போதும். மீதியை மகுடேஸ்வரன் கேட்டு நிரப்புவார். “ஈஸிங்க, ரொம்ப ஈஸிங்க” என்று நாளெல்லாம் சொல்வார், மூட்டை இறக்கி வந்தவர் குரலில். இடது காது சூடானால் போன் வலது காதுக்குப் போகும். இரண்டும் சூடானால் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காதில் ஒற்றிக்கொள்வார்.

துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒச்சம்மாள், கம்பெனி ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து ஒருமுறை மிஸ்டு கால் கொடுத்தார். பேரும் வேலையும் சொன்னவர் திடீரென்று நிறுத்தினார்.

“ஏய்யா, ஓடிபி கேப்பியா?”

“கேக்க மாட்டேனுங்க.”

“கேக்குறவனாச்சும் திருடன்னு தெரியும். கேக்காதவன என்னான்னு நம்ப?”

“ஈஸிங்கம்மா…”

“வை போன!”

போன வாரம் கோவையிலிருந்து இளங்கோ வந்தார். பணம் போடுகிறவர். அவர் போடாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். யாருடைய உதவியும் இல்லாமல் ஒருவர் தானாகச் சேர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். “ஒக்காந்து டைப் அடிக்கற ஆளுக்குச் சம்பளம் குடுக்க நான் பணம் போடலீங்க.” ஆக, மகுடேஸ்வரன் இருப்பது தெரிந்தால் பணம் இல்லை. தெரியாமலே போனால், மகுடேஸ்வரன் எதற்கு? இந்தத் தத்துவச் சிக்கலுடன் அவர் மூலையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

மாதவன் கீழே டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கூட்டிவந்தார். ஒச்சம்மாளேதான்.

“அக்கா, இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. வேறொண்ணுமே வேணாம்.”

கொடுத்தார். பெட்டிகளுக்குப் பின்னால் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. அன்று அவர் சொன்ன பேரும் வேலையும் மகுடேஸ்வரனிடம் அந்த எண்ணோடு பதிந்திருந்தன. சற்று நேரத்தில் ஒச்சம்மாளின் போனுக்குச் செய்தி வந்தது: ‘வணக்கம் ஒச்சம்மாள். ஓவர்லாக் டெய்லராக இணைந்துவிட்டீர்கள்.’

“ஆத்தி! எம் பேரு இதுக்கு எப்படித் தெரியும்?”

“ஆளே இல்லாம நடக்குதுங்களே!” என்று வியந்தார் இளங்கோ. மாதவன் அடக்கமாகப் புன்னகைத்தார்.

ஒச்சம்மாள் போனை உற்றுப் பார்த்தார். “ஆளு இல்லாமயா? இந்த நம்பர்ல ஈஸி ஈஸின்னு ஒருத்தர் பேசுவாருல்ல. பாவம், மூணு நாளு தூங்காதவரு மாதிரி.”

இளங்கோவின் பார்வை அறையைச் சுற்றி மூலைக்கு வந்து, பெட்டிகளுக்கு மேலே தெரிந்த தலையில் நின்றது. “அவரு யாருங்க?”

“அவரா?” என்றார் மாதவன். “ஏசி பாக்க வந்தவர் சார்.”

“ஏனுங்க, ஏசி சரியாயிருச்சுங்களா?” என்று இளங்கோ மூலையைப் பார்த்துக் கேட்டார்.

ஒச்சம்மாளும் திரும்பிப் பார்த்தார். மகுடேஸ்வரன் வாயைத் திறந்தால் அந்தக் குரல் வந்துவிடும். அவர் எழுந்து, ரிமோட்டை எடுத்து ஏசியை நோக்கி நீட்டினார். சட்டைப் பையில் போன் மறுபடி அதிர்ந்தது. அது அடங்கும்வரை கையை இறக்காமல் நின்றார்.