ஓடாத தறியை ஓடுகிறது என்று சொன்னேன்

தணிகை மலையானை நம்பும் அன்பர்களே, என் தறிகள் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தபோது நான் செய்த முட்டாள்தனத்தையும், அதை அவன் சரிசெய்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எனக்குப் பொதட்டூர்பேட்டை. வீட்டிலேயே இரண்டு விசைத்தறி போட்டு லுங்கி நெய்து வந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து கடைகளில் குவிந்தது. நூல் கொடுக்கும் முதலாளி, "சரக்கு போவல, கொஞ்ச நாள் பொறுத்துக்கோப்பா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. தெரு முழுக்க இதே கதி. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போவது என்று முடிவுசெய்து மூட்டைகூடக் கட்டிவிட்டோம். அவள் தன் பாடப் புத்தகங்களைப் பழைய பேப்பரோடு அடுக்கி வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது அரசாங்கம் ஓர் உதவி அறிவித்தது. வெளிநாட்டுத் துணியால் தொழில் போன நெசவாளர்களுக்குத் தையல் பயிற்சி, பயிற்சி முடியும்வரை மாத உதவித்தொகை, முடிவில் ஒரு தையல் மெஷின். அதிகாரி வீட்டுக்கு வந்து, தறி நின்றுபோனதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நெடுக்கில் ஓடும் பாவு நூல் ஏற்றாத தறியை மூளித்தறி என்போம். வெளியாள் வரும்போது தறி மூளியாக நிற்கக் கூடாது. தறி நின்றுவிட்டது என்று வாயால் சொல்லவும் கூடாது, அபசகுனம். அதிகாரி வருகிறார் என்றதும் என் கை தானாக வேலை செய்தது. பரணில் கிடந்த மிச்சப் பாவு நூலை எடுத்து ஏற்றினேன். மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "என்னப்பா, தறி ஓடுதா?"

"முருகன் புண்ணியத்துல ஓடிக்கினு இருக்குதுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவிக்கு நான் அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவாள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "பாவா, நின்னுபோச்சுன்னு எழுத வந்த மனுசன்கிட்ட ஓடுதுன்னு சொல்லி அனுப்பிட்டியே, உனக்கு இன்னா கிறுக்கா?"

"தறியப் பாத்துகினு நின்னுபோச்சுன்னு எப்படிடி சொல்றது?"

"அப்ப அந்தத் தறியவே சோறு பொங்கிப் போடச் சொல்லு!"

மூன்றாம் நாள் கிருத்திகை. முதல் பஸ்ஸில் திருத்தணி போய்ப் படியேறினேன். சந்நிதியில் நின்றபோதுதான் நெஞ்சில் குத்தியது. அவன் பெயரைச் சொல்லியல்லவா பொய் சொல்லியிருக்கிறேன்! உதவி கொடு என்று கேட்க வெட்கமாக இருந்தது. "முருகா, உள்ளதைச் சொல்ல எனக்கு ஒரு வாயைக் கொடு" என்று மட்டும் கேட்டேன். அழுதேன். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார்.

மலையிறங்கி நேராக அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். வாசலிலேயே வாய் திறந்துகொண்டது. "சார், என் தறி ஓடலைங்க! எட்டு மாசமா நின்னுகினு கீதுங்க!" ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "வாய்யா! உங்க தெருவுல ஒரு வீடு விடாம ஓடுது ஓடுதுன்னாங்க. வெளியே வந்து நின்னு கேட்டேன். கரண்ட் இருக்குது, ஒரு தறிச் சத்தம் இல்ல. காக்கா கத்தறதுதான் கேக்குது!"

"லிஸ்ட் போயிடுச்சுங்களா?"

"மூணு நாளா எடுத்து வெக்கிறேன், கையெழுத்துப் போடக் கை வரல. ஒருத்தராவது வந்து உண்மையைச் சொல்லட்டும்னு இருந்தேன். திங்கட்கிழமை மறுபடி வர்றேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு. அந்தப் பாவையெல்லாம் எடுத்துட்டு நில்லுங்கய்யா!"

கூச்சமில்லாமல் கைகூப்பி நின்றேன். கையெழுத்துப் போடவிடாமல் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

தெருவில் சொன்னபோது ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. மூளித்தறியைக் காட்டுவதா என்றார்கள். என் மனைவிதான் எல்லோரும் பார்க்க எங்கள் தறியிலிருந்த பாவு நூலை உருவிப் போட்டு, வெறும் தறிக்கு முன்னால் விளக்கேற்றினாள். "முருகனுக்குத் தெரியாத மூளியா இது?" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தார்கள். திங்கட்கிழமை அதிகாரி கேட்கக் கேட்க, பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோல வாசலுக்கு வாசல் "ஓடலைங்க", "ஓடலைங்க" என்று குரல் வந்தது. கடைசி வீட்டுக்குள் அவரே சிரித்துக்கொண்டு, "ஓடல, அதானே?" என்று கேட்டபடி நுழைந்தார்.

தெருவே பட்டியலில் ஏறியது. கட்டிய மூட்டையைப் பிரித்தோம். நான் தையல் கற்றேன். முதல் மாதம் தைத்த சட்டைகளில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இன்று பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். மகள் பத்தாவது முடித்து, மேலேயும் படித்தாள். அவன் பெயரை எடுத்தால் இப்போது நான் பொய் பேசுவதில்லை.

அன்பர்களே, வெளியில் சொல்லக் கூசும் கஷ்டம் உங்களுக்கும் இருக்கும். முதலில் அவனிடம் சொல்லுங்கள். பிறகு எந்த மனிதரிடம் சொல்ல வேண்டுமோ அங்கே தைரியமாகப் போங்கள். உங்களுக்கு முன்னால் அவன் போய் உட்கார்ந்திருப்பான்.