பரோட்டா சாப்பிட்டும் இளைத்தவர்

போன வருஷம் மார்ச் மாசம். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நோன்பு நாட்கள் தொடங்கியிருந்தன. மதுரை கோச்சடையில் நாங்கள் போகிற சர்ச்சில், பெண்கள் சங்கக் கூட்டத்தில் பாஸ்டரம்மா ஒரு யோசனை சொன்னார். வருஷா வருஷம் நோன்பு என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மத்தியானம் அதற்கும் சேர்த்து வைத்துச் சாப்பிடுகிறோம். இந்தத் தடவையாவது உருப்படியாக உடம்பைக் குறைப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹாலில் எடை பார்க்கலாம், ஈஸ்டருக்குள் யார் அதிகம் குறைக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு ஏர் ஃப்ரையர் பரிசு என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். நாள் பூராவும் உட்கார்ந்த வேலை. மாடிப்படி ஏறினால் மேலே போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பேன். டாக்டர் பல தடவை எடையைக் குறைக்கச் சொல்லியும் கேட்காதவள், போட்டி என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். கொள்ளுக் கஞ்சிக்கு மாறினேன். டீயில் சீனியை விட்டேன். விடிந்ததும் வைகைக் கரை ரோட்டில் நடை. ஆபீஸில் யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இம்புட்டுச் செய்தால் ஜெயிக்காமல் போவோமா என்று நினைத்தேன்.

எனக்கு முன் பெஞ்சில் வழக்கமாக ஒரு பெண் உட்காருவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கணவர் குவைத்தில் இருக்கிறார், மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். காளவாசலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை. வீட்டில் இவர் மட்டும்தான். கொஞ்சம் பூசின மாதிரி உடம்பு. அவரும் பேர் கொடுத்திருந்தார்.

முதல் வாரம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியது. அடுத்த வாரத்திலிருந்துதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம். நான் மெஷினில் ஏறி நின்றால் முள் நகர்ந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்கவேண்டியிருக்கும். அவர் ஏறினால் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். என் எடை கிராமில் இறங்க, அவருடையது கிலோவில் இறங்கியது.

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். காய்கறி வாங்கினால் தராசைப் பார்க்கமாட்டேன், கடைக்காரர் கையைத்தான் பார்ப்பேன். அதனால் முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். தரை சமமாக இல்லையோ என்று ஹாலில் நாலு இடத்தில் வைத்து ஏறிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் என் எடை ஒரே மாதிரிதான் இருந்தது. பிறகு, முதல் வாரம் எடை போடும்போது கனமான பொருள் எதையாவது சேலைக்குள் வைத்துக்கொண்டு ஏறியிருப்பாரோ என்று யோசித்தேன். அன்றைக்கு அவர் என்ன சேலை கட்டியிருந்தார் என்று இரண்டு பேரிடம் விசாரித்தும் பார்த்தேன்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், நடைக்கு எங்கே போகிறீர்கள் என்று. நடக்கவெல்லாம் போவதில்லை, கால் அசந்து போய்விடுகிறது, கடையிலிருந்து வந்ததும் படுத்துவிடுகிறேன் என்றார். அப்புறம் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டே, நீங்கள் சொன்ன கொள்ளுக் கஞ்சிதான் என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். எதிரே ஒரு பரோட்டாக் கடை. வாசலை ஒட்டின மேஜையில் அவர். இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஊறக்கூட விடாமல் அள்ளிச் சாப்பிடுகிறார். முடித்ததும் இன்னொரு செட் சொன்னார். வெளியே வந்தவர் பக்கத்துக் கடையில் நன்னாரி சர்பத் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு கிளாஸ் வாங்கினார். என் பஸ் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் நின்றேன்.

மறுநாளே பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். இளைக்கிறதுக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார், அதை மறைத்துப் போட்டியில் நிற்கிறார் என்று என் தீர்ப்பையும் சேர்த்தே சொன்னேன். பாஸ்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோன்பு நாளில் சாப்பாட்டைக் குறைக்கிறதைவிடப் பொறாமையைக் குறைக்கிறது நல்லது என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை. இன்னும் பிடிவாதமாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

சங்கத்துக் காணிக்கைக் கவர் கொடுக்கிற சாக்கில் அவர் வீட்டுக்கே போனேன். மாத்திரை டப்பா கண்ணில் படுமா என்பதுதான் என் நினைப்பு. தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன் என்று அடுப்படிக்குள் நுழைந்தேன். மாத்திரை எதுவும் இல்லை. பெரிய பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் காலியாக மூலையில் கிடந்தன. குப்பைக்கூடையில் வாழைப்பழத் தோல். ஒரு ஆள் இருக்கிற வீட்டில் மூணு பேருக்கு வடிக்கிற அளவுக்குச் சோற்றுப் பானை. நான் அங்கே இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அவர் இரண்டு தடவை பாத்ரூம் போய் வந்தார். ஜாக்கெட் தொளதொளவென்று ஆகி, இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாமே ஏமாற்று வேலைக்குச் சாட்சியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

சர்ச்சில் மற்றவர்களோ அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்றார் ஒருவர். எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். தண்ணீர் நிறையக் குடிக்கிறார், அதுதான் காரணம் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, எல்லாரும் பெரிய பாட்டில் வாங்கிக்கொண்டார்கள். மதுரை வெயிலில் யார்தான் தண்ணீர் குடிக்கவில்லை?

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளி வந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரைக்கும் ஆராதனை. அத்தனை நேரமும் என் கண் முன் பெஞ்சில்தான் இருந்தது. அவர் திரும்பத் திரும்ப எழுந்து வெளியே போனார். ஒரு தடவை நானும் பின்னாலேயே போனேன். தனியாகப் போய் எதையோ தின்கிறார், பிடித்துவிடலாம் என்று. பாத்ரூமிலிருந்து வந்தவர் குழாயடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், தலை சுத்துது என்றார். பக்கத்தில் போனபோது அவர் மூச்சில் அழுகின பழம் மாதிரி ஒரு வாசனை அடித்தது. நோன்பு நாளில் ஜூஸ் குடித்துவிட்டு வந்து தலை சுத்துதாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன். ஆராதனை முடிந்து எல்லாருக்கும் கஞ்சி ஊற்றும்போது அவர் இல்லை. முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை உண்டு. வாரா வாரம் என் புலம்பலைத் துண்டு துண்டாகக் கேட்டு, சரி சரி என்று டிவி பார்க்கிறவர்தான். அன்றைக்கு நான் பரோட்டாவிலிருந்து பழ வாசனை வரைக்கும் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கிறதா, அசதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு என்றேன்.

"அம்புட்டுத் தின்னும் ஒரு ஆளு இளைக்குதுன்னா அது ஏமாத்து இல்ல. எனக்கு ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு. மெஷின எடு, போவோம்" என்றார்.

வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் உண்டு. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பைக்கில் ஏறினேன். வழியெல்லாம், இவர் சொல்வது தப்பாக இருக்கவேண்டும் என்றும் நினைத்தேன், அப்படி இருந்தால் நான் சொன்னதுதானே சரியாகும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ரொம்ப நேரம் தட்டின பிறகுதான் கதவு திறந்தது. கட்டின சேலையோடு படுத்திருந்திருக்கிறார். வாந்தி எடுத்ததாகச் சொன்னார். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. நான் பையிலிருந்து மெஷினை எடுத்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"பாஸ்டரம்மாகிட்ட நீங்க சொன்னதெல்லாம் என் காதுக்கும் வந்துச்சுக்கா. நான் ஏமாத்தலன்னு காட்ட இப்ப ரத்தமும் குடுக்கணுமா?"

என் வீட்டுக்காரர்தான், போட்டியை விடும்மா, எனக்கும் இப்படி இருந்தது, ஒரு சொட்டு போதும் என்று தன்மையாகச் சொன்னார். அந்தப் பெண் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல் நான் என் விரலை நீட்டி முதலில் குத்திக்கொண்டு காட்டினேன். அப்புறம் புது ஊசி மாட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாகக் கையைக் கொடுத்தார். விரல் சில்லென்று இருந்தது.

மெஷினில் நம்பர் வரவில்லை. 'ஹை' என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்துதான் வந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று நான் தட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்க ஓடினார். மெஷினால் அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தால்தான் அப்படிக் காட்டும் என்று ஆட்டோவில்தான் எனக்குச் சொன்னார். அந்தப் பெண் என் தோளில் சாய்ந்திருந்தார். அவருடைய எலும்பு என் தோளில் குத்தியது. இத்தனை வாரம் அவர் எடையையே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த உடம்பு எவ்வளவு வற்றிப்போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் நேராக ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். சாப்பிடுகிற எதுவும் உடம்பில் ஒட்டாமல் சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது, உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் தானே தின்றுகொண்டிருந்தது, அதனால்தான் அத்தனை பசியும் தாகமும் என்று விளக்கினார். மூச்சில் வந்த வாசனையும் அதனால்தான். இன்னும் ஒருநாள் போயிருந்தால் வீட்டுக்குள்ளேயே நினைவு தப்பியிருக்கும், தனியாக இருக்கிறவர், கதவைத் திறக்கக்கூட ஆள் இருந்திருக்காது என்றார்.

மறுநாள் காலையில் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். வீடியோ காலில் பார்த்தபோதெல்லாம் சூப்பரா ஸ்லிம் ஆயிட்டம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குவைத்திலிருந்த அப்பாவும் அப்படித்தான் சந்தோஷப்பட்டிருக்கிறார். ஈஸ்டர் அன்றைக்கு சர்ச்சில் யாரும் எடை மெஷினை வெளியே எடுக்கவில்லை. ஆராதனை முடிந்து பாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. பாராட்டு வாங்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

அவரை வார்டுக்கு மாற்றின பிறகு ஒரு மத்தியானம் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அதற்குள் நான் அவரை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். மாத்திரை டப்பா தேடித்தான் உன் அடுப்படிக்குள் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். அப்போதும் அதே சிரிப்பு.

"எனக்கே உள்ளுக்குள்ள என்னவோ சரியில்லன்னு தோணிக்கிட்டுத்தான் இருந்துச்சுக்கா. ஆனா ஆளாளுக்கு நல்லா இருக்கேன்னு பாராட்டும்போது, உடம்புக்கு முடியலன்னு எப்படிச் சொல்றது? நீங்க ஒருத்தர்தான் நம்பல."

அந்த 'நம்பல' என்பதை நன்றியாகச் சொன்னாளா, குத்திக்காட்டினாளா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

இப்போது அவள் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள், வேளைக்கு அளவாகச் சாப்பிடுகிறாள், விடிந்ததும் என்னோடு வைகைக் கரையில் நடக்கிறாள். கன்னத்தில் பழையபடி சதை பிடித்திருக்கிறது. எனக்கும் மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிகிறது. சர்ச்சில் ஒருவர், மறுபடியும் வெயிட் போட்டுட்டீங்களே என்று அவளிடம் வருத்தமாகச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அவருக்குப் புரியவில்லை.

ஒருவர் இளைத்ததையும் பெருத்ததையும் பார்த்துப் பேசிவிட்டுப் போவது நமக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அந்த உடம்புக்குள் இருக்கிறவரிடம் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்பதற்குத்தான் எனக்கு அத்தனை வாரச் சந்தேகமும் ஒரு பெரிய வெள்ளியும் தேவைப்பட்டன.